கேப்டன் பதவியைப் பிடுங்கும் முன்

அண்ணே, உங்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன் பையன் புள்ளி குவிக்கிறான், ஆனால் எதிரணியைத் தடுக்க, டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடுவதில்லை, வாயும் திறப்பதில்லை, கேப்டனாக வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசாததை விடுங்கள், டிம் டங்கன் அதிகம் கத்தாமலே சான் அன்டோனியோ அணிக்கு ஆடி 5 முறை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பட்டம் வென்றவர். ஓடாததுதான் பிரச்சினை. சரி, 40 நிமிட ஆட்டத்தில் அவனுக்கு ஓய்வு கொடுக்கிறீர்களா? பினாங்கு வெயிலில், திறந்த கோர்ட்டில், மூன்றாம் குவார்ட்டரில் யாராக இருந்தாலும் நடக்கத்தான் செய்வார்கள் (ஓரத்தில் நின்று கத்தும் அங்கிள்கள் மட்டும்தான் களைப்பதில்லை). முதல் குவார்ட்டரிலேயே நடக்கிறான் என்றால் அது சோம்பல், உடனே பெஞ்சில் உட்கார வையுங்கள், ஆனால் காரணத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மற்ற பையன்கள் முன்னால் வேண்டாம். அப்புறமும் மாறாவிட்டால் கேப்டனை மாற்றுங்கள்.