1978 கெசட் எந்த நூலகத்தில் கிடைக்கும்?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் தாத்தா பெயரில் இருந்த நிலத்தை 1978-இல் அரசு கையகப்படுத்திவிட்டது என்கிறார்கள். அந்த அரசிதழ் அறிவிப்பு இணையத்தில் இல்லை. நூலகத்தில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள கன்னிமாரா நூலகத்தில் முதலில் கேளுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அரசு வெளியீடுகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அந்த ஆண்டுத் தொகுதி இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இரவல் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.

ஆனால் தேதி தெரியாமல் போகாதீர்கள். சர்வே எண்ணை மட்டும் சொன்னால் நூலகராலும் ஒன்றும் செய்ய முடியாது. அரசிதழ் வாராவாரம் வருவது. ஒரு வருஷத்துக் கட்டே மலைபோல இருக்கும். நிலமெடுப்புத் தீர்வத்தின் (அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவுசெய்த உத்தரவு) முதல் பக்கத்தைப் பாருங்கள். அரசாணை எண்ணும் கெசட் தேதியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். தீர்வம் கையில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்டிஐ மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். எந்த ஆட்சியர் அலுவலகம் என்பதிலும் கவனம் தேவை: திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் வந்தது. அதனால் அறிவிப்பில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றே இருக்கும், கோப்பும் அங்கேயே தங்கியிருக்கலாம்.

தேடவேண்டியது இரண்டு அறிவிப்புகள். 1894 நிலமெடுப்புச் சட்டத்தின் 4(1) பிரிவின்படி ஒன்று (நிலம் தேவைப்படுகிறது என்ற முதல் அறிவிப்பு), 6-ஆம் பிரிவின்படி இன்னொன்று (நிலத்தை எடுப்பது உறுதி என்ற அறிவிப்பு). வழக்கமாக இரண்டும் கெசட்டின் இரண்டாம் பகுதி, 2-ஆம் பிரிவில் வரும். 1978-இல் இருந்த விதிப்படி முதல் அறிவிப்பிலிருந்து 3 ஆண்டுக்குள் இரண்டாவது வந்திருக்க வேண்டும். ஆகவே 1981 வரைக்கும் புரட்டுங்கள். இடைவெளி அதற்கு மேல் போயிருந்தால் முதல் வேலையாக உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். செய்தித்தாளில் தேடி அலைய வேண்டாம். இரண்டு நாளிதழ்களில் வெளியிடவேண்டும் என்ற கட்டாயம் 1984 திருத்தத்தில்தான் வந்தது.

நூலகத்தில் எடுக்கும் ஜெராக்ஸ் சான்றிட்ட நகல் ஆகாது. கெசட் எண், தேதி, பக்க எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அசலை வைத்திருக்கும் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்.