கட்சிக்காரர் தந்த அரிசியை வாங்கிவிட்டோம், அவருக்கே ஓட்டுப் போட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூரில் பிளாட்டில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். போன தேர்தலில் ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்து கொடுத்த அரிசியையும் பணத்தையும் வாங்கிக்கொண்டோம். வாங்கிவிட்டு வேறு ஆளுக்குப் போட்டால் நன்றி கெட்ட செயல் என்றார் மாமியார். எனக்கோ அந்த ஆளுக்குப் போட மனமில்லை. கடைசியில் ஓட்டுப் போடவே போகவில்லை. இது பாவமா?

பதில்:

இதே கேள்வி 2013-இல் எங்கள் வீட்டு அடுப்படியில் வந்தது. அரிசியை வாங்கியவள் நான்.

அந்த வருஷம் மே 5, ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அதற்கு முந்தின வாரம் எங்கள் பிளாட்டில் மாடி மாடியாக 10 கிலோ அரிசி மூட்டையும், உறையில் 50 வெள்ளியும் (ரிங்கிட்) வந்தன. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாங்கினேன், அரிசியை டின்னில் கொட்டினேன், பையைக் குப்பையில் போட்டேன், அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். "அவன் சோத்தைத் தின்னுட்டோமேடி. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளுக்குப் போட அவருக்கும் விருப்பமில்லை. ஆனால் செஞ்சோற்றுக் கடன் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. நண்பன் செய்வது தப்பென்று தெரிந்தும் அவன் பக்கம் நின்று செத்த கர்ணனுக்காக அழுது வளர்ந்தவர்கள் நாம். உங்கள் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். அவர் பேசுவது அறத்தைத்தான், அதைச் சேர்க்கக் கூடாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புடு அந்தோணியார் கோயிலுக்குப் பூசைக்குப் போனபோது அம்மாவே ஃபாதரிடம் கேட்டுவிட்டார். யாருக்குப் போட வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருக்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. அவர் கேட்டது இதுதான்: "ஏரோது சபையில எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுத்தானே, அதைக் காப்பாத்தினானா இல்லையாம்மா?" அம்மா யோசித்து, "காப்பாத்தினான்" என்றார். "அதனால யாரோட தலை போச்சு?"

திருமுழுக்கு யோவானின் தலை. விருந்தில் ஆடிய பெண்ணிடம் என்ன கேட்டாலும் தருவேன் என்று ஏரோது மன்னன் ஆணையிட்டான், அவள் கேட்டது இறைவாக்கினர் யோவானின் தலையை. மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரம். அந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அப்படிக் கேட்டதில்லை. ஏரோதுவின் குற்றம் வாக்குத் தவறியது அல்ல, தவறான வாக்கைக் காப்பாற்றியது. கொடுக்கக் கூடாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால், அந்தச் சொல் உங்களைக் கட்டாது. ஓட்டு விற்கும் பொருளே அல்ல, ஆகவே அரிசிக்குப் பதிலாக அதைக் கொடுக்கும் கடனும் கிடையாது. நீங்கள் மனசாட்சிப்படி வேறு ஆளுக்குப் போட்டிருந்தால் அது துரோகமே இல்லை.

வாங்கியது தவறு, அதை மழுப்ப மாட்டேன். மலேசியாவின் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி, ஓட்டுக்காகக் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். கையூட்டு அறிவுள்ளவரின் கண்ணையும் மறைத்துவிடும் என்று பைபிளில் விடுதலைப் பயணமும் இணைச் சட்டமும் சொல்கின்றன. ஆனாலும் மாதக் கடைசியில் பிள்ளைக்கு ஆக்கிப்போட வாங்கியவரையும், அந்தப் பசியைக் கணக்குப் போட்டு மூட்டை இறக்கியவரையும் கடவுள் ஒரே தராசில் நிறுப்பார் என்று நான் நம்பவில்லை. ஏழையைக் காசுக்கும், ஒரு ஜோடிச் செருப்புக்கும் வாங்கப் பார்த்தவர்கள் மேல்தான் இறைவாக்கினர் ஆமோஸ் சீறினார்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? மீதி அரிசியை அளந்தார். இரண்டு கிலோவுக்கு மேல் ஆக்கியிருந்தோம். என்னைச் சௌக்கிட் பாசாருக்கு அனுப்பி, குறைந்ததை எங்கள் காசில் வாங்கி வரச்சொன்னார். முழு 10 கிலோவையும், அந்த 50 வெள்ளியையும், கீழ்மாடியில் வேலை போய் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்துக்கு, ஓட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டுவிட்டு, ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார். சீட்டில் நம்பர் இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. (ஓட்டின் ரகசியத்தைக் காப்பதும் அதே தேர்தல் குற்றச் சட்டம்தான். வயதானவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.) யாருக்குப் போட்டார் என்று சாகும்வரை எங்களிடம் சொல்லவில்லை.

இனி, போகாமல் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2240-ஆம் எண்ணில் வரி கட்டுவது, வாக்குரிமையைப் பயன்படுத்துவது, நாட்டைக் காப்பது மூன்றையும் ஒரே மூச்சில் நன்னெறிக் கடமை என்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல், பொதுநலனுக்காக ஓட்டுப் போடுவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்றது. ஆகவே 'போனாலும் ஒன்று, போகாவிட்டாலும் ஒன்று' என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. நோய், லீவு கிடைக்காத வேலை, ஊருக்குப் போகப் பஸ் காசு இல்லாத நிலை எல்லாம் வேறு. நீங்கள் போகாதது சோம்பலால் இல்லை, இரண்டு பக்கமும் இழுபட்ட குழப்பத்தால். அதைக் கனமான பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறுத்தினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள், அரிசியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பினாங்கில் இருப்பவர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடுகிறார். 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாகி, நேரடியாக மத்திய அரசின் கீழ் வந்த நமக்குச் சட்டமன்றமே கிடையாது. உள்ளாட்சித் தேர்தலை 1965-இலேயே நிறுத்திவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்கான அந்த ஒற்றைச் சீட்டுதான் நம் கையில் இருப்பது. அதையும் ஒரு மூட்டை அரிசி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டால்?

நிற்பவர்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் நோட்டா இருக்கிறது, இங்கே இல்லை. 2018-இல் சிலர் வேண்டுமென்றே செல்லாத ஓட்டுப் போடச் சொன்னார்கள். யோசித்துச் செய்தவர்களின் மனசாட்சியை நான் மதிக்கிறேன், ஆனால் எனக்கு அந்த வழி ஒப்பவில்லை. அநியாயமான சட்டத்தை முழுக்க நீக்க முடியாதபோது, அதன் கேட்டைக் குறைக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஆதரவு தரலாம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் எழுதினார். ஓட்டுச் சீட்டுக்கும் அந்த நியாயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இருப்பவர்களில் யாரால் எளியவர்களுக்குக் குறைந்த கேடு வரும் என்று பார்க்கிறேன். நம் இனம், நம் கோயில் என்று மட்டும் பார்ப்பதில்லை.

எளியவர் என்று சொல்லும்போது எனக்கு ஒரு முகம் வருகிறது. எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் 70 வயது தாண்டியும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை), ஓட்டு இல்லை. 2022 நவம்பர் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு நான் படியேறும்போது வாசலில் நின்றிருந்தார். என் விரலைப் பிடித்து மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜெயிச்சு வர்றவங்க யாரா இருந்தாலும் என் பேப்பரைப் பத்திக் கேப்பியா, பொண்ணே?" என்றார்.

அந்த ஓட்டு அவருக்காகவும்தான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய ஃபைலை எடுத்துக்கொண்டு மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம்.