சின்னப் பிள்ளைகளோடு பேஸ்பால் மைதானங்கள்: கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பேஸ்பால் பித்துப் பிடித்த கணவரும் மகளும் வாய்த்ததில் எனக்கும் இந்த ஊர்சுற்றலில் கொஞ்சம் கை தேறியிருக்கிறது. கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

நியூஜெர்சி: அக்கா, மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. ஆகஸ்டில் ஒரு வார விடுப்பு இருக்கிறது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் ஐந்தையும் பார்த்துவிடலாமா?

ஒரு வாரத்தில் ஐந்து ஊர்களும் அடங்கும், பிள்ளைகள்தான் அடங்கமாட்டார்கள். பாஸ்டனை இன்னொரு கோடைக்குத் தள்ளி வையுங்கள். நியூயார்க் உங்கள் வாசலிலேயே இருக்கிறது, ஏதாவது ஒரு ஞாயிறு போதும். மிச்சமிருக்கும் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம், நடுவில் நீச்சல் குளம், தூக்கம்.

ஹோட்டல் போடுவதற்கு முன்னால் ஆட்ட அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஓர் அணி பருவத்தில் 162 ஆட்டம் ஆடும், அதில் பாதி வெளியூரில். நீங்கள் போகும் வாரம் அந்த அணி வேறு ஊரில் இருந்தால் பூட்டிய கேட்டைத்தான் பார்த்து வருவீர்கள். வாஷிங்டனும் பால்டிமோரும் 40 மைல் தூரம்தான். ஒரே ஹோட்டலில் தங்கி இரண்டையும் முடிக்கலாம்.

இந்த மூன்றில் என் ஓட்டு பால்டிமோருக்கு. அங்கே 1992இல் கேம்டன் யார்ட்ஸ் மைதானம் திறக்கும் வரை பல ஊர்களில் கட்டியதெல்லாம் வட்டமான கான்கிரீட் கிண்ணங்கள். இதை நகரத்துக்குள்ளேயே, ஒரு பழைய செங்கல் ரயில் கிடங்கை ஒட்டிக் கட்டினார்கள். பிறகு வந்த மைதானங்களில் பாதி இதைப் பார்த்துப் பிறந்தவைதான். கிடங்குக்கும் மைதானத்துக்கும் நடுவில் யூட்டா தெரு என்று ஒரு நடைபாதை உண்டு. அங்கே வந்து விழுந்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டிப் போகும் அடி) ஒவ்வொன்றுக்கும், விழுந்த இடத்திலேயே பந்து வடிவில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். அடித்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்கும். உங்கள் மகனை அதை எண்ணச் சொல்லுங்கள், மகளும் குனிந்துகொண்டே பின்னால் போவாள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் உங்களுக்கு நிம்மதி. மறுநாள் துறைமுகத்தில் இருக்கும் தேசிய மீன் காட்சியகத்துக்குப் போகலாம்.

வாஷிங்டனில் நான்காவது இன்னிங்ஸின் நடுவே பழைய ஜனாதிபதிகளைப் போல வேடமிட்டவர்கள் பெரிய பொம்மைத் தலைகளை மாட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். அவர்களில் டெடி ரூஸ்வெல்ட் 500க்கும் மேற்பட்ட பந்தயங்களில் தோற்ற பிறகு 2012 அக்டோபரில்தான் முதல் முறை ஜெயித்தார். அந்தக் கதையை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், டெடி ஜெயித்தாரா என்பதை மறக்கமாட்டார்கள்.

டாலஸ்: நாங்கள் கிரிக்கெட் வீடு. ஆட்டம் புரியாமல் மூன்று மணி நேரம் எப்படி உட்காருவது?

இப்போது அவ்வளவு நேரம் ஆகாது. 2023இல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்து நேரக் கெடு விதித்தார்கள். முந்தைய ஆண்டு சராசரியாக 3 மணி நேரத்துக்கு மேல் போன ஆட்டம் 2 மணி நேரம் 40 நிமிடத்துக்கு இறங்கியது. ஒன்பது இன்னிங்ஸ், அணிக்கு ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூன்று அவுட். பிள்ளைகளுக்கு இது போதும், பெரியவர்களுக்கும் முதல் நாளுக்கு இது போதும். மற்றதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தருவார். கேட்க ஆள் கிடைத்ததே என்று பூரித்துப் போவார்.

உங்கள் ஊர்க் கதை ஒன்று உங்களுக்கே தெரிந்திருக்கும். டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் கிராண்ட் பிரெய்ரி மைதானம் முன்பு பேஸ்பால் மைதானமாக இருந்ததுதான். 2015இல் சச்சினும் வார்னும் அணி சேர்த்துக்கொண்டு வந்தபோது ஆடிய மூன்று இடங்களும் பேஸ்பால் மைதானங்களே.

சான் ஹோசே: கைக்குழந்தையோடு போகலாமா? பந்து வந்து பட்டுவிடுமோ என்று என் கணவர் பயப்படுகிறார்.

அவர் பயம் நியாயமானது. 2017இல் நியூயார்க்கில் பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மீது 105 மைல் வேகத்தில் வந்த பந்து பட்டது. அதன் பிறகுதான் எல்லா அணிகளும் வலையை நீட்டின. 2020 வாக்கில் பெரிய அணிகளின் 30 மைதானங்களிலும், வீரர்கள் உட்காரும் பள்ளமான டக்அவுட்டைத் தாண்டி வலை வந்துவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது வலைக்குப் பின்னால் இருக்கும் வரிசைதானா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வலை இல்லாத கீழ் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பந்து வருவது தெரியாது.

காதுக்கு ஒலித்தடுப்பான் மாட்டிவிடுங்கள். ஹோம் ரன் அடித்தால் சில ஊர்களில் வாணவேடிக்கை வெடிக்கும். ஓர இருக்கை, முடிந்தால் வரிசையின் மேல் முனை. மேல் மாடங்கள் செங்குத்தாக இருக்கும், நடக்கப் பழகும் பிள்ளைக்கு ஒத்துவராது. மடியில் உட்காரும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்றாலும் வயது வரம்பு அணிக்கு அணி மாறும், போகும் அணியின் பக்கத்தில் பாருங்கள். தள்ளுவண்டி மடங்குவதாக இருக்கட்டும்.

உங்கள் பக்கத்து சான் பிரான்சிஸ்கோ மைதானத்தில் இடப்பக்கம் பெரிய கோலா பாட்டிலும் ராட்சதக் கையுறையும் நிற்கும், பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். வலப்பக்கச் சுவரைத் தாண்டினால் கடல். விழும் பந்தைப் பிடிக்கப் படகில் காத்திருப்பார்கள். ஜூலை மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு இரவு ஆட்டத்துக்குப் போனால் பல் தந்தியடிக்கும்.

ஆஸ்டின்: வெயிலுக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

மூன்றாவது பேஸ் பக்கம். பேஸ் என்பது ஓடும் வீரர் தொட வேண்டிய முனை, மூன்றாவது பேஸ் பந்து வீசுபவரைப் பார்த்து நிற்கும் மட்டையாளருக்கு இடப்புறம் இருக்கும். காரணம் இருக்கிறது. மாலை வெயில் மட்டையாளரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக அவர் கிழக்கு வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி மைதானத்தை அமைக்க வேண்டும் என்று விதிப் புத்தகமே பரிந்துரைக்கிறது. அப்படி அமைத்தால் மேற்கே சாயும் வெயில் மூன்றாவது பேஸ் மாடத்தின் முதுகில் விழும், அங்கேதான் நிழல் முதலில் வரும். வலது வெளிமைதான இருக்கைகள் வெந்துபோகும். எல்லா ஊரும் விதிப்படி கட்டவில்லை என்பதால் படத்தில் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். ஆர்லிங்டன், ஹூஸ்டன் இரண்டும் மூடித் திறக்கும் கூரை போட்டவை. ஹூஸ்டனில் சுவர் மேல் ஒரு ரயில் எஞ்சின் ஓடும், ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் அங்கே போங்கள்.

அட்லாண்டா: மகளே, நான் திருநெல்வேலிக்காரி, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறேன். மருமகன் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போகிறாராம். நான் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

அம்மா, கையோடு கொண்டு போங்கள். பல மைதானங்களில் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரம், தகர டப்பா மட்டும் ஆகாது. பையின் அளவு பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு 16, தடிமன் 8 அங்குலம். சில இடங்களில் உள்ளே இருப்பது தெரியும் பைதான் வேண்டும் என்பார்கள், குழந்தையின் டயப்பர் பைக்குப் பொதுவாக விலக்கு உண்டு. இதை மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய குட்டி இட்லி நல்ல யோசனை. கரண்டி வேண்டாம், சிந்தாது, ஐந்தாவது இன்னிங்ஸில் பசி வரும்போது ஆளுக்கு இரண்டு வாயில் போட்டுவிடலாம். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும். உள்ளே வாங்குவதானால் பிரெட்ஸல் என்னும் முறுக்கிய ரொட்டி, பாப்கார்ன், சின்னத் தொப்பி வடிவக் கிண்ணத்தில் தரும் ஐஸ்கிரீம். அந்தக் கிண்ணத்தைக் கழுவி ஊருக்கு எடுத்துப் போகலாம், பொரிகடலை போட்டு வைக்க நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு வறுவலைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சியாட்டில் மைதானத்தில் வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள். அங்கே போக நேர்ந்து பேரன் கேட்டு அடம்பிடித்தால் மருமகன் பாடு.

ராலே: என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. பயணத்தையே விட்டுவிடலாமா?

விட வேண்டாம், ஆனால் சாதாரண இருக்கையில் போய் உட்காரவும் வேண்டாம். தோலோடு கடலை உடைத்துத் தரையில் போடுவது இந்த ஆட்டத்தின் பழக்கம். பல அணிகள் குறிப்பிட்ட நாட்களில் கடலை இல்லாத பகுதி ஒதுக்குகின்றன. அணி அலுவலகத்துக்கு எழுதித் தேதி கேளுங்கள். மருத்துவர் சொன்ன ஊசியை உள்ளே கொண்டு போகலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அவன் உடல்நிலைக்கு இது சரியா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நேப்பர்வில்: சிகாகோவில் ரிக்லி ஃபீல்டுக்கு 5 வயது மகளை அழைத்துப் போகலாமா?

உங்களுக்காக என்றால் போங்கள். 1914இல் திறந்தது, வெளிமைதானச் சுவரெங்கும் 1937இல் நட்ட ஐவி என்னும் படர்கொடி, 1988 வரை விளக்கே கிடையாது. அழகு. ஆனால் 5 வயதுக்குப் படர்கொடி என்ன செய்யும்? அவளுக்காக என்றால் 90 மைல் வடக்கே மில்வாக்கிக்குப் போங்கள். மழைக்குக் கூரை உண்டு. உள்ளூர் அணி ஹோம் ரன் அடித்தால் மீசை வைத்த பொம்மை மனிதர் சறுக்குமரத்தில் வழுக்கி இறங்குவார். ஆறாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதிக்கு முன் சாசேஜ் என்னும் இறைச்சிச் சுருள்களைப் போல வேடமிட்ட ஐந்து பேர் பந்தயம் ஓடுவார்கள். ஆட்டத்துக்கு முன் வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், நம் ஊர்க் கோயில் கொடை போல இருக்கும். எனக்குத் தெரிந்து சின்னப் பிள்ளைக்கு முதல் மைதானமாக இதைவிட நல்லது குறைவு.

செயின்ட் லூயிஸ்: 9 வயது மகள், புத்தகப் புழு. ஆட்டம் மட்டும் அவளுக்குப் போதாது.

கான்சஸ் சிட்டிக்கு ஓட்டுங்கள், சுமார் 250 மைல். மைதானத்தில் நீரூற்றுகளும் சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடமும் உண்டு என்றாலும் உங்கள் மகளுக்கு நான் சொல்வது ஊருக்குள் இருக்கும் நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகம். பெரிய லீகில் கருப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று அணிகள் வைத்து ஆடினார்கள். 1947இல் புரூக்ளின் அணிக்காக இறங்கி அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், 1945இல் இந்த ஊரின் மொனார்க்ஸ் அணியில் ஆடியவர்.

உள்ளே ஒரு சிறு மைதானம் செய்து வெண்கல வீரர்களை அவரவர் இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நுழைந்ததும் அதில் கால் வைக்க முடியாது, கோழிக்கூட்டுக் கம்பிவலை வழியாக எட்டித்தான் பார்க்க வேண்டும். வரலாறு முழுவதையும் சுற்றிப் பார்த்து முடித்த பிறகே வழி திறந்து வீரர்கள் நடுவில் கொண்டுவிடும். ஏன் முதலில் விடவில்லை என்று அவள் கேட்பாள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், திரும்பி வரும் வழியில் அவளே சொல்லிவிடுவாள்.

மறு ஏப்ரல் 15 அன்று தொலைக்காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். எல்லா அணி வீரர்களும் ஒரே எண், 42, அணிந்திருப்பார்கள். அது ராபின்சனின் எண்.

ஃபீனிக்ஸ்: ஒரு பந்தாவது கிடைக்க என்ன செய்வது? மகன் உயிரை எடுக்கிறான்.

கதவு திறந்ததும் போங்கள். ஆட்டத்துக்கு முன் மட்டைப் பயிற்சி நடக்கும்போது கூட்டம் இருக்காது, வீரர்களும் இளகிய மனதோடு இருப்பார்கள். கையுறை மாட்டிய சின்னப் பையன் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கேட்டால் பல நேரம் வீசிவிடுவார்கள். இன்னிங்ஸ் முடிந்து ஓடி வரும்போது டக்அவுட் மேல் வரிசையில் நிற்பதும் ஒரு வழி. கிடைக்காமலும் போகும். உதவி மேசையில் ‘முதல் ஆட்டம்’ சான்றிதழ் கேளுங்கள், பல மைதானங்களில் இலவசமாகப் பெயர் எழுதித் தருவார்கள். அன்றைக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம்.

எடிசன்: ஐந்தாவது இன்னிங்ஸிலேயே கிளம்பினால் காசு வீண்தானே?

இல்லை. பிள்ளை அழத் தொடங்குவதற்கு முன் கிளம்புங்கள், பின் அல்ல.

கேரி: நால்வருக்கு டிக்கெட், வண்டி நிறுத்தம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து மிரட்டுகிறது. மலிவாக வழி உண்டா?

நீங்கள் இருக்கும் ஊரை வைத்துக்கொண்டா இதைக் கேட்கிறீர்கள்! டர்ஹம் புல்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய அணிகளுக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் 120 சிறிய அணிகள் நாடெங்கும் உள்ளன, டர்ஹம் அவற்றில் மேல் படியில் இருப்பது. இருக்கை கிட்டத்தில், டிக்கெட் விலை குறைவு, பிள்ளைகள் ஓடினால் யாரும் முறைக்கமாட்டார்கள். இடப்பக்கச் சுவர் மேல் ஒரு பெரிய காளைப் பலகை நிற்கும், அதில் பந்தை அடித்த வீரருக்கு ஸ்டேக் என்னும் மாட்டிறைச்சித் துண்டு பரிசு. பெரிய மைதானம்தான் வேண்டுமென்றால் வார நாள் பகல் ஆட்டம் பாருங்கள். மழையால் ஆட்டம் தொடங்காமலே நின்றால் டிக்கெட் மாற்றுத் தேதிக்குச் செல்லும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. ஆகவே கடைசி நாளில் ஆட்டத்தை வைக்காதீர்கள்.

கொலம்பஸ்: ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுவார்களாமே?

உண்மைதான். பல அணிகள் ஞாயிறு பகல் ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் விட்டு எல்லா பேஸையும் சுற்றி ஓடவிடும். வயது வரம்பும் தேதியும் அணியின் அட்டவணையில் இருக்கும். எட்டாவது இன்னிங்ஸிலேயே வரிசை சேரத் தொடங்கிவிடும். அது பெரும்பாலும் வெயிலில், சில இடங்களில் மைதானத்துக்கு வெளியே வளைந்து நிற்கும். அதனால் ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து நின்று பாட்டுப் பாடி முடித்த கையோடு கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.