விசா முடிந்துவிட்டது, இன்சூரன்ஸும் இல்லை: ஹூஸ்டனில் எமர்ஜென்சிக்குப் போகலாமா?

கேள்வி: என் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான். வேலை போய், விசாவும் முடிந்துவிட்டது, இன்சூரன்ஸ் இல்லை. நேற்றிலிருந்து வலது பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போனால் குடியேற்றத் துறையிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், பில்லும் தாங்க முடியாது என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்களாம். என்ன செய்யட்டும்? (திருச்சியிலிருந்து ஒரு அக்கா)

பதில்: முதலில் தம்பிக்கு போன் போட்டு, இப்போதே கிளம்பச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டால் சீழ் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற நேரம் இதில்லை.

எங்கே போகிறார் என்பதும் முக்கியம். கடைத்தெருவில் இருக்கும், சின்ன உபாதைகளுக்கான 'அர்ஜென்ட் கேர்' கிளினிக் வேண்டாம், டெக்சாஸில் நிறைய இருக்கும், மருத்துவமனையோடு ஒட்டாத தனித்த எமர்ஜென்சி மையங்களும் வேண்டாம். அங்கே அறுவை சிகிச்சை செய்ய முடியாது, திரும்ப ஒரு பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள், பில் இரண்டு இடத்திலிருந்தும் வரும். ஹூஸ்டனில் ஹாரிஸ் கவுண்டி நடத்தும் பென் டாப் மருத்துவமனை இருக்கிறது. அது தூரம் என்றால் பக்கத்தில் இருக்கும் எந்தப் பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்கும் போகலாம்.

அங்கே விரட்ட மாட்டார்களா? மாட்டார்கள், விரட்டவும் கூடாது. காசில்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1986ல், எம்டாலா என்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசு காப்பீட்டின் பணம் வாங்கும், எமர்ஜென்சிப் பிரிவு வைத்திருக்கும் எந்த மருத்துவமனையும், அதாவது அமெரிக்காவின் பெரும்பாலான மருத்துவமனைகள், வந்தவரைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அவசர நிலை என்றால் உடல்நிலையை நிலைப்படுத்த வேண்டும், அல்லது அந்த வசதியுள்ள இடத்துக்கு முறைப்படி மாற்ற வேண்டும். பிரசவ வலியும் இதில் அடக்கம். இன்சூரன்ஸ் இருக்கிறதா, எப்படிக் கட்டுவாய் என்று கேட்டுப் பரிசோதனையைத் தாமதப்படுத்தக் கூடாது. விசா உள்ளவருக்கு மட்டும்தான் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இப்போது உங்களுடைய உண்மையான பயத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் ஓர் உத்தரவு போட்டார். அதன்படி அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மருத்துவமனைகள், நீங்கள் சட்டப்படி நாட்டில் இருக்கிறீர்களா என்று நோயாளியிடம் கேட்கின்றன. இதைக் கேட்டவுடன் எழுந்து ஓடிவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதுதான் வேதனை. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சிகிச்சை மாறாது, அதை நோயாளியிடம் சொல்லவும் வேண்டும். மாநில அரசுக்குப் போவது எத்தனை பேர், எவ்வளவு செலவு என்ற மொத்தக் கணக்குதான். "இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று தம்பி சொல்லட்டும், அது போதும்.

ஆனால் பொய் மட்டும் வேண்டாம். அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிவிட்டால் பின்னாளில் கிரீன் கார்டுக்கான வாய்ப்பையே அது அடைத்துவிடக் கூடும். நண்பனுடைய இன்சூரன்ஸ் கார்டைக் காட்டுவது மோசடி. அது போக, அடுத்தவர் ரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் இவருடையது என்று எடுத்துக்கொள்ளப்பட்டு உயிருக்கே உலை வைக்கலாம்.

மருத்துவமனைக்குள் குடியேற்ற அதிகாரிகள் வரவே மாட்டார்கள் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். மருத்துவமனை, பள்ளி, கோயில் போன்ற இடங்களைத் தவிர்க்கச் சொன்ன பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். காத்திருப்புக் கூடம் போலப் பொதுமக்கள் நடமாடும் இடத்துக்கு அவர்கள் வர முடியும். சிகிச்சை அறைக்குள் மருத்துவமனையின் சம்மதம் இல்லாமல் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் பேசாமல் இருக்கும் உரிமை தம்பிக்கு உண்டு. ஒரு குடியேற்ற வழக்கறிஞரின் எண்ணை போனில் மட்டுமல்ல, தாளிலும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த அபாயத்தையும் வெடிக்கப்போகும் அப்பெண்டிக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அவர் போய்த்தான் ஆக வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. சிகிச்சை பெறுவது ஒன்று, அரசு உதவிக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று, இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதி பயம். அவசரச் செலவுக்கு 'எமர்ஜென்சி மெடிக்கெய்ட்' என்று ஒரு திட்டம் உண்டு, விசா இல்லாதவருக்கும் அது கிடைக்கும். ஆனால் மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீட்டில் இருப்பவர்களின் தகவல்களை 2025ல் குடியேற்றத் துறைக்குக் கொடுத்தார்கள், மாநிலங்கள் வழக்குக்கே போயின. அதனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். உங்கள் தம்பி தனி ஆள், பிள்ளை இல்லாதவர் என்றால் டெக்சாஸில் அவருக்கு எப்படியும் அது கிடைப்பது கடினம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்தான் அது அதிகம் உதவும்.

சரி, பில்? வரும். எம்டாலா சிகிச்சைக்குத்தான் உத்தரவாதம், இலவசத்துக்கு அல்ல. முதலில் வரும் தொகையைப் பார்த்து மலைத்துப்போய் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டாம். ஹாரிஸ் கவுண்டியில் குடியிருப்பவர் என்றால் பென் டாப்பை நடத்தும் ஹாரிஸ் ஹெல்த் நிறுவனத்தின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது, அதற்கு வசிப்பிடமும் வருமானமும்தான் முக்கியம். லாப நோக்கமில்லாத தனியார் மருத்துவமனை என்றால், நிதி உதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சி வரிச்சட்டமே சொல்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். 'சோஷியல் வொர்க்கரைப் பார்க்க வேண்டும்' என்று வார்டில் இருக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் போனில் தமிழ் பேசும் ஒருவரைப் பிடித்துக் கொடுப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் தாள், மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளட்டும், ஏனென்றால் அதற்கடுத்த மறுபரிசோதனைக்கு எம்டாலா பொருந்தாது. தபால் ஒழுங்காக வந்து சேரும் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். பில்லுக்குப் பயந்து முகவரியை மாற்றிக் கொடுத்தால் உதவி விண்ணப்பம் பற்றிய கடிதமும் வராது, கெடு தாண்டிப் பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போன பிறகுதான் தெரியவரும்.