கத்தியைக் கழுவியவருக்குத் தெளிவு இருந்ததா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் இருந்த தம்பி ஒருவர் சொந்த மாமாவைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மாமா இறந்துவிட்டார். வெட்டிய கையோடு தம்பி தண்ணீர்ப் பீலியில் கத்தியைக் கழுவி, வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு, பொலிஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். இப்போது விளக்கமறியலில் இருக்கிறார்.

அவருக்கு நெடுநாளாகச் சுகமில்லை. தனியாகப் பேசுவார். தன் தேத்தண்ணியில் மாமா மருந்து கலக்கிறார் என்பார். ரோதமுனிச் சாமியின் கோபம் என்று வீட்டில் கோடாங்கி வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கிளினிக்குக்கும் போய் ஊசி போட்டார்கள். பிறகு தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வரும்போது கண்ணில் படக்கூடாதென்று கிளினிக் கொப்பியை அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

இப்போது லயத்தில் பாதிப் பேர், "பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிடுவான்" என்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் கசிப்புச் சாராயம் செய்த வேலை என்கிறார்கள். இறந்த மாமாவின் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் படிக்கிறார்கள். சட்டம் இவரை விட்டுவிடுமா? விடுவது நியாயமா? நான் பார்த்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தம்பியின் அம்மா கையைப் பிடித்து அழுகிறார். நான் என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், அக்கா.

அன்புள்ள தங்கைக்கு,

ஊரையும் உறவுமுறையையும் மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். வழக்கு நடக்கிறது. அந்தத் தம்பி குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. சட்டம் எதைக் கேட்கும், அதற்கு எது விடையாகும் என்பதை மட்டும் சொல்கிறேன். இறந்தவரின் பிள்ளைகளை நீங்கள் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனாலேயே இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுத நினைத்தேன்.

"தப்பிச்சிடுவான்" என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 1843 இல் லண்டனில் டேனியல் மக்நோட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளராக இருந்த எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். டிரம்மண்ட் சில நாளில் இறந்துபோனார். ஆளும் கட்சிக்காரர்கள் தன்னை இரவு பகலாகத் துரத்துகிறார்கள் என்று மக்நோட்டன் உறுதியாக நம்பியிருந்தார். மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள், ஜூரி அவரை விடுவித்தது. விக்டோரியா மகாராணி முதல் தெருவில் போனவர்கள் வரை எல்லோரும் கொதித்தார்கள். ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குப் போகவே இல்லை. பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1864 இல் பிராட்மூருக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். விடுதலையான மனிதர் இருபத்திரண்டு வருடம் பூட்டுக்குள் இருந்து செத்தார்.

நம் நாட்டிலும் இப்படித்தான். சித்தசுவாதீனம் இல்லாத நிலையில் செய்தார் என்று மேல் நீதிமன்றம் கண்டு விடுவித்தாலும், ஆளைப் பஸ் ஏற்றி மஸ்கெலியாவுக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்பான காவலில் வைக்கும்படி கட்டளையிட்டு, அமைச்சருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. அங்கொடை மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. சிறைத் தண்டனைக்காவது ஒரு முடிவுத் திகதி இருக்கும். இதற்கு அப்படி ஒன்று இல்லை.

இனிச் சட்டத்தின் கேள்வி. 1883 இல் வந்த நமது தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு மிகச் சிறியது. செயலைச் செய்யும் நேரத்தில், மனநிலைக் கோளாறு காரணமாக, தன் செயலின் தன்மையை அறிய முடியாதவராக, அல்லது தான் செய்வது பிழையானது அல்லது சட்டத்துக்கு முரணானது என்று அறிய முடியாதவராக ஒருவர் இருந்தால், அது குற்றமாகாது. அவ்வளவுதான். அவருக்கு நோய் இருந்ததா என்பதோடு கேள்வி முடியவில்லை. அந்த நோய் அந்த நேரத்தில் அவருடைய அறிவை மறைத்ததா என்பதுதான் கேள்வி. வருடக்கணக்கில் ஊசி போடும் ஒருவர் தெளிவான நேரத்தில் ஒருவரை வெட்டினால் 77 உதவாது. முன்னர் ஒரு நாளும் மருந்து எடுக்காத ஒருவருக்கு அது உதவவும் கூடும்.

அதனால்தான் பீலியில் கழுவிய கத்தி என்னைத் தூங்கவிடவில்லை. அரசதரப்புச் சட்டத்தரணி அதைத்தான் முதலில் தூக்கிப் பிடிப்பார். இரத்தத்தைக் கழுவியவருக்குத் தான் செய்தது பிழை என்று தெரிந்திருக்கிறது, தடயத்தை மறைக்கப் பார்த்திருக்கிறார் என்பார். இது பலமான வாதம். செயலுக்கு முன்னும் பின்னும் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்துத்தான் நீதிமன்றங்கள் மனதை ஊகிக்கின்றன. ஓடினாரா, ஒளித்தாரா, பொய் சொன்னாரா என்று பார்க்கும். ஆனால் அதே கத்தியை எல்லோரும் பார்க்க இஸ்தோப்பில் வைத்துவிட்டு, ஓடாமல் உட்கார்ந்திருந்ததும் நடத்தைதான். மறைக்க நினைத்தவர் தேயிலைக்குள் வீசியிருக்கலாமே. கழுவும்போது என்ன சொல்லிக்கொண்டு கழுவினார்? மருந்து கலந்த இரத்தம் என்று பயந்து கழுவினாரா? எனக்குத் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

இங்கேதான் மலையகத்துக்கென்றே உள்ள ஒரு கஷ்டம் வருகிறது. கொலையை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசின் வேலை. ஆனால் 77 போன்ற விலக்கைக் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு. அதற்கு உதாரணமாக அந்தப் பிரிவு முதலில் சொல்வதே சித்தசுவாதீனம் இல்லாத ஒருவரின் கதையைத்தான். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனாலும் எதைக் கொண்டு காட்டுவது? கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் கடிதமும் மருந்துச் சீட்டுகளும் பைல் நிறைய இருக்கும். நம் லயத்துப் பிள்ளைக்குக் கோடாங்கி கட்டிய கயிறு இருக்கும். தோட்ட டிஸ்பென்சரியில் தலையிடி என்று எழுதியிருக்கும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டியிருப்பார்கள். எந்த வீடு நோயை நன்றாக மறைத்ததோ, அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் நீதிமன்றத்தில் நோய் இல்லாமல் போகிறது. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு பெண்ணைக் கரையேற்ற வேண்டும் என்ற பயம் எப்படிப்பட்டது என்று லயத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஆனால் அன்று மகளைக் காப்பாற்றச் செய்தது இன்று மகனுக்கு எதிராக நிற்கிறது.

கசிப்பு விஷயம் சுருக்கமானது. தானாகக் குடித்தவருக்குப் போதை மன்னிப்பு ஆகாது. குடிக்காமல் இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ, அதெல்லாம் தெரிந்ததாகவே 79 ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வருடக்கணக்கான குடியால் மூளையே கலங்கி, குடிக்காத நேரத்திலும் இல்லாததைக் காண்பது வேறு. அதை நோயாகக் கருத இடம் உண்டு. அன்று அவர் குடித்திருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

"விடுவது நியாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனதில் பல காலமாக இருக்கும் குறை இந்த இடத்தில்தான். நம் சட்டத்தில் 77 க்குள் வருபவர் ஒரு கரை, கொலைகாரர் மறு கரை. நடுவில் நிற்பவருக்கு இடம் இல்லை. தான் வெட்டுவது மனிதனை என்று தெரிகிறது, பொலிஸ் பிடிக்கும் என்றும் தெரிகிறது. ஆனால் இந்த மனிதன் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறான் என்ற எண்ணம் அந்த அறிவையெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறது. மனநோயாளிகள் பலர் இருப்பது இந்த நடுவில்தான். அறிவு முழுவதும் அணைந்துபோவது அபூர்வம். அப்படிப்பட்டவர் 77 ஐ எட்டமாட்டார். கொலைக்குற்றத்துக்கான 296 ஆம் பிரிவின்படி மரண தண்டனை விதிக்கப்படும். 1976 க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பதால் அது சிறையிலேயே கழியும்.

மற்ற நாடுகள் இந்த நடு இடத்தை எப்போதோ பார்த்துவிட்டன. ஸ்கொட்லாந்தில் 1867 இல் டிங்வோல் என்பவரின் வழக்கில், பைத்தியம் என்று சொல்ல முடியாவிட்டாலும் பலவீனமான மனதைக் கணக்கில் எடுத்துக் குற்றத்தைக் குறைக்கலாம் என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். இங்கிலாந்து 1957 இல் குறைந்த பொறுப்பு என்ற வாதத்தைச் சட்டமாக்கியது. 1960 இல் பேர்ன் என்பவரின் மேன்முறையீட்டில், செய்வது என்னவென்று தெரிந்திருந்தும் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத மனக்கோளாறும் இதற்குள் வரும் என்றார்கள். இந்த வாதம் வென்றாலும் ஆள் விடுதலையாவதில்லை. கொலைக்குற்றம் அதைவிடக் குறைந்த ஆட்கொலையாகும். என்ன தண்டனை, சிறையா மருத்துவமனையா என்பதை நீதிபதி ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வெள்ளைக்காரர் சட்டம் நமக்குப் பொருந்தாது என்று சில சட்டத்தரணி நண்பர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள் என்பேன். நம் சட்டக்கோவைக்கும் அவர்களுடையதற்கும் தாய் ஒன்றுதான், 1860 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவை. அவர்கள் 1961 இல் குறைந்த பொறுப்பை ஒரு விலக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன், நம் 294 ஆம் பிரிவிலேயே இதன் விதை இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையின் உயிரைப் போக்கிய தாய், பிரசவத்தின் விளைவிலிருந்து முழுதாக மீளாமல் மனச் சமநிலை குலைந்திருந்தால், அது கொலைக்குற்றம் ஆகாது என்கிறது. செயல் தெரிந்திருக்கலாம், பிழை என்றும் தெரிந்திருக்கலாம், ஆனாலும் மனம் குலைந்திருந்தது என்று அந்தத் தாய்க்கு ஒப்புக்கொள்ளும் சட்டம், குரல்கள் கேட்கும் மகனுக்கு ஒப்புக்கொள்ள மறுப்பது ஏன்? எனக்கு நியாயம் தெரியவில்லை. இதை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

இறந்த மாமாவின் பிள்ளைகள் இதைப் படித்தால் நோவார்கள் என்று தெரியும். அவர்கள் அப்பா எந்த மருந்தும் கலக்கவில்லை. நோயை ஒப்புக்கொள்வதால் அவர் மீது எந்தப் பழியும் விழாது. மறைத்தால்தான், தேத்தண்ணிக் கதை நோயின் கற்பனை என்று யாரும் சொல்லாமல், ஏதோ குடும்பப் பகை இருந்தது என்ற பேச்சாக அது நிலைத்துவிடும். வகுப்பில் அந்தப் பிள்ளைகளை இந்தப் பேச்சிலிருந்து காப்பாற்ற உங்களால் முடியும்.

ஆகவே சொல்லுங்கள், தங்கச்சி. அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் சொல் மகனுக்கு எதிரானதல்ல என்று அவருக்குப் புரிய வைக்க வேண்டியது நீங்கள்தான். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். மேல் நீதிமன்றத்தில் வசதியற்ற எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அரசே சட்டத்தரணியை நியமிக்கும். அந்தச் சட்டத்தரணியிடம் கிளினிக் கொப்பி எரிந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொப்பி எரிந்தாலும் ஆஸ்பத்திரிப் பதிவேடு எரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் என்று தெரிந்தால் நீதிமன்றத்தின் மூலம் அதை வரவழைக்கலாம். விளக்கமறியலில் இருக்கும்போதே மனநல மருத்துவரிடம் காட்டும்படி நீதவானைக் கேட்கலாம். இதில் தாமதம் கூடாது. அங்கே மருந்து கொடுத்துத் தெளிந்துவிட்டால், அன்றைய நிலையைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்குக் கடினம்.

மருத்துவர் சம்பவத்தன்று அங்கே இருக்கவில்லை, நீங்கள் இருந்தீர்கள். அவர் நோயாளி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எப்போதிருந்து வேலைக்குப் போகவில்லை, யாரோடு பேசுவது போலப் பேசினார், தேத்தண்ணியைக் கொட்டியதைப் பார்த்தீர்களா, அன்று பீலியடியில் என்ன சொன்னார் என்று கண்டதையும் கேட்டதையும் மட்டும் இப்போதே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். கோடாங்கியையும் சாட்சிக்கு அழைக்கலாம், அவரை இவர்கள் ஏன் கூப்பிட்டார்கள் என்பதே ஒரு சான்று. அழைப்பாணை வந்தால் தமிழிலேயே சாட்சி சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசின் கடமை. நீங்கள் சொன்னதை அவர் குறைத்துச் சொல்வதாகத் தோன்றினால், அங்கேயே கையை உயர்த்தி நீதிபதியிடம் சொல்லலாம்.