மூடாத டேக்கும் மூட மறுக்கும் பார்சரும்: எக்ஸ்எம்எல் கேள்வி-பதில்

ஹெச்டிஎம்எல் ஓரளவு தெரியும். எக்ஸ்எம்எல்லுக்கு எத்தனை டேக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒன்றுகூட வேண்டாம். எக்ஸ்எம்எல் என்பது தரவுக்கும் உரைக்கும் டேக் (< > குறிகளுக்குள் எழுதும் பெயர்) போட்டு அடையாளம் வைக்கும் முறை. ஹெச்டிஎம்எல்லில் பத்தி, தலைப்பு, படம் என எல்லாவற்றுக்கும் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். எக்ஸ்எம்எல்லில் பெயர் வைப்பது உங்கள் வேலை. தமிழிலேயே வைக்கலாம்:

<அகராதி>
  <சொல் வகை="பெயர்ச்சொல்">
    <தலைச்சொல்>திங்கள்</தலைச்சொல்>
    <பொருள்>நிலா</பொருள்>
    <பொருள்>மாதம்</பொருள்>
  </சொல்>
</அகராதி>

பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது, எல்லாவற்றையும் சுற்றி ஒரே ஒரு வேர் எலிமென்ட் (எலிமென்ட் என்பது திறக்கும் டேக், மூடும் டேக், நடுவில் உள்ளவை எல்லாம் சேர்ந்தது; இங்கே வேர் 'அகராதி') இருக்க வேண்டும். திறந்ததை மூட வேண்டும், கடைசியாகத் திறந்ததை முதலில். கிட்டத்தட்ட இவ்வளவுதான் இலக்கணம்.

ஒரே ஒரு டேக்கை மூட மறந்தேன். பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) கோப்பு முழுவதையும் நிராகரித்துவிட்டது. இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

தெரிந்தே வைத்த கண்டிப்பு. 1998 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0, இப்படிப்பட்ட பிழையைக் கண்டால் பார்சர் ஊகித்துச் சமாளிக்கக் கூடாது என்கிறது. ஹெச்டிஎம்எல் பக்கத்தைப் படிப்பவர் மனிதர். கொஞ்சம் கோணலாக வந்தாலும் புரிந்துகொள்வார். எக்ஸ்எம்எல்லைப் பெரும்பாலும் இன்னொரு நிரல்தான் படிக்கிறது. அது தப்பாக ஊகித்தால் 'மாதம்' வேறொரு சொல்லுக்குப் பொருளாகிப் போய்விடும், யாருக்கும் தெரியாது.

பிழைச்செய்தி சொல்லும் வரி எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மேலே 'நிலா'வுக்குப் பிறகு </பொருள்> விட்டுப்போனால், பார்சர் </சொல்> வரிக்கு வந்த பிறகுதான் கத்தும். தப்பு இரண்டு வரிக்கு மேலே இருக்கும். அப்புறம், உரைக்குள் & குறியைத் தனியாக விட்டாலும் இதே கதைதான்; &#38; என்று எழுதுங்கள்.

திறக்கும் டேக்கும் மூடும் டேக்கும் ஒன்றுதான், எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். ஆனாலும் பொருந்தவில்லை என்கிறதே?

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒருநாள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நான் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். 'பொருள்' என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பார்சருக்குக் கண் கிடையாது. குறியீட்டு எண்ணைத்தான் ஒப்பிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. உடனடி வைத்தியம், திறக்கும் டேக்கின் பெயரை நகலெடுத்து மூடும் டேக்கில் ஒட்டுவது. நிறைய கோப்புகள் இருந்தால் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இந்தக் குறிகளை ஒரே குறியீடாக எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள்.

எதை எலிமென்ட் ஆக்குவது, எதை அட்ரிபியூட் ஆக்குவது?

அட்ரிபியூட் என்பது திறக்கும் டேக்குக்குள்ளேயே எழுதும் வகை="பெயர்ச்சொல்" போன்றது. ஒன்றுக்கு மேல் வருமா என்று பாருங்கள். 'திங்கள்' என்பதற்கு இரண்டு பொருள். ஒரே டேக்கில் ஒரே பெயரில் இரண்டு அட்ரிபியூட் வைக்க முடியாது. ஆகவே அது எலிமென்ட். 'வகை' ஒன்றுதான், உள்ளே பிரிக்கவும் எதுவுமில்லை, அட்ரிபியூட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகம் வந்தால் எலிமென்ட்டே வைப்பேன்.

'வெல்-ஃபார்ம்டு', 'வேலிட்' இரண்டும் ஒன்றா?

இல்லை. தலைச்சொல்லே இல்லாத <சொல்> எழுதினாலும் டேக்குகள் சரியாக இருந்தால் அது வெல்-ஃபார்ம்டு. 'தலைச்சொல் கட்டாயம்' என்று டிடிடியிலோ எக்ஸ்எஸ்டியிலோ (எது எங்கே வரலாம் என்று சொல்லும் இரண்டு விதி மொழிகள்) விதி எழுதி, அதற்கும் பொருந்தினால்தான் வேலிட்.

தரவை எழுதும் இன்னொரு முறையான ஜேசான் வந்த பிறகும் எக்ஸ்எம்எல்லைப் படிக்க வேண்டுமா?

இரண்டு நிரல்களுக்கு இடையே தரவு அனுப்ப மட்டும் என்றால் ஜேசான் போதும், எளிது. ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவில் இரண்டு சொற்களுக்கு மட்டும் அடையாளம் போட ஜேசானில் முயன்று பாருங்கள், வெறுத்துப்போகும். ஆவணம் என்று வந்தால் எக்ஸ்எம்எல்தான். மின்னூல்களின் இபப், எஸ்விஜி படங்கள் எல்லாம் அந்தக் குடும்பமே.

உங்களிடமே உதாரணம் இருக்கிறது. வேர்டில் எழுதிய ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே 'வேர்ட்' ஃபோல்டரில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நீங்கள் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கிய வரியைத் தேடுங்கள்: அதற்கு முன்னால் ஒரு துண்டு, அந்தச் சொல் ஒரு துண்டு, மீதி இன்னொரு துண்டு என்று உடைந்து கிடக்கும்.