அப்பாவின் கார் வேண்டாம் என்பது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 28 வயது, நல்ல வேலையில் இருக்கிறான். சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் சொகுசு கார் வாங்கப் போகிறான். நான் பல ஆண்டுகளாக மெர்சிடிஸ் பென்ஸ் வைத்திருக்கிறேன். அது ஒரு நாளும் என்னை வழியில் நிறுத்தியதில்லை. அதனால் அதே நிறுவனத்தின் சிறிய செடானான சிஎல்ஏவை வாங்கச் சொன்னேன். "அது அப்பா வண்டி" என்று ஒதுக்கிவிட்டு, பிஎம்டபிள்யூவின் 2 சீரிஸ் கிரான் கூபேதான் வேண்டும் என்று நிற்கிறான். காரணம் கேட்டால், "ஓட்டிப் பார்த்தால் தெரியும்" என்கிறானே தவிர, விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தலைமுறையினர் எதை வைத்து ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்? இது வெறும் பகட்டுதானா? நான் குறுக்கே நிற்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

மகனின் பதில் உங்களை வருத்தியிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அதைப் பகட்டு என்று தள்ளிவிட வேண்டாம் என்றே முதலில் கேட்டுக்கொள்கிறேன். முதல் சொகுசு கார் வாங்கும் வயதில் ஒருவர் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, தான் எப்படிப்பட்டவராக வளர்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். பெற்றோரின் நிழலிலிருந்து விலகித் தனியே நிற்கத் தொடங்கும் அந்தப் பருவத்தில், பெற்றோர் வைத்திருந்த அதே சின்னத்தை மறுபடியும் வாங்குவது பலருக்கு ஓர் அடி பின்னால் எடுத்து வைப்பதாகத் தோன்றுகிறது. உங்கள் வண்டியில் குறை கண்டு அவர் விலகுவதாக எனக்குப் படவில்லை; அது உங்களுக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டதால்தான் தனக்கு வேறொன்று வேண்டும் என்கிறார்.

அவர் நாடும் நிறுவனம் இன்றைய நிலைக்கு வந்ததே இந்த மனநிலையை நம்பித்தான். 1959 இறுதியில் பிஎம்டபிள்யூ நட்டத்தில் மூழ்கி, மெர்சிடிஸைத் தயாரித்த டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போகவிருந்தது. டிசம்பரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் சிறு பங்குதாரர்கள் கடுமையாக எதிர்த்ததால் அந்த ஏற்பாடு முறிந்தது. பெரும் பங்குதாரரான தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் மேலும் பணம் போட்டு நிறுவனத்தைத் தனித்து நிற்கச் செய்தார். ஒரு பக்கம் விலை உயர்ந்த பெரிய வண்டிகள், மறுபக்கம் இசெட்டா போன்ற குட்டி வண்டிகள், நடுவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை என்றிருந்த அந்நிறுவனம், 1962 இல் விற்பனைக்கு வந்த 1500 என்ற நான்கு கதவு வண்டியில்தான் தனக்கான இடத்தைக் கண்டுபிடித்தது. வசதியானவர், ஆனால் இன்னும் முதுமை எட்டாதவர், ஓட்டுநரை வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்ட விரும்புபவர்: அவருக்கான வண்டி அது. பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கு மெர்சிடிஸ், ஸ்டியரிங்கைப் பிடிப்பவருக்கு பிஎம்டபிள்யூ என்று மக்கள் மனத்தில் விழுந்த கோடு அங்கிருந்து வருகிறது. 1966 இல் வந்த இரண்டு கதவு வண்டிகளும், 1975 இல் வந்த 3 சீரிஸும் அந்தக் கோட்டை அழுத்தமாக வரைந்தன. உங்கள் மகன் "ஓட்டிப் பார்த்தால் தெரியும்" என்று சொல்வது இந்த அறுபது ஆண்டுப் பேச்சின் தொடர்ச்சியே.

மெர்சிடிஸும் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 2007 இல் வந்த சி-கிளாஸை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே உடல், ஒரே எஞ்சின்கள். ஆனால் முகம் மட்டும் இரண்டு. எலிகன்ஸ் என்ற வகையில் கிரில், அதாவது முன்பக்கக் காற்றுச் சட்டம், அடக்கமாக இருக்கும். மூன்று முனை நட்சத்திரம் பானெட்டின் விளிம்பில் தனியாக எழுந்து நிற்கும். அவான்கார்ட் என்ற வகையிலோ பானெட்டின் மேல் நிற்கும் அந்த நட்சத்திரம் இல்லை; கிரிலின் நடுவில், தொலைவிலிருந்தே தெரியும்படி, பெரிய நட்சத்திரம் பதிக்கப்பட்டிருக்கும். முதல் முகம் நட்சத்திரத்தைத் தன் இருக்கையிலிருந்து பார்த்துப் பழகியவருக்கானது; இரண்டாவது முகம், எதிரே வருபவர் அதைப் பார்க்க வேண்டும் என்று எண்ணும் இளையவருக்கானது. ஓர் இரும்புத் துண்டு எழுந்து நிற்பதா, பதிந்து கிடப்பதா என்பதை வைத்தே தந்தையையும் மகனையும் ஒரே ஷோரூமில் இரண்டு வாடிக்கையாளர்களாகப் பிரிக்க முடிந்தது. சின்னத்தின் அளவைப் பற்றி ஓர் ஆய்வும் உண்டு. சந்தையியல் ஆய்வாளர்களான யங் ஜீ ஹான், ஜோசப் நூன்ஸ், சேவியர் டிரேஸ் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட கட்டுரையில், மெர்சிடிஸ் வண்டிகளில் விலை குறையக் குறையச் சின்னத்தின் அளவு பெரிதாவதைக் காட்டியிருந்தார்கள். பெரிய வண்டி வாங்குபவருக்குத் தான் யார் என்று உரக்கச் சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்து சேர்ந்தவருக்கு அது தேவைப்படுகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாமும் அந்த வயதில் ஏதோ ஒன்றை அப்படித்தான் அணிந்துகொண்டு நடந்தோம்.

இளையவரை இழுக்க விளம்பரம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் 1988 இல், "இது உங்கள் தந்தையின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல" என்றே விளம்பரம் செய்து பார்த்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு அது உவக்கவில்லை. புதியவர்களும் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1897 இல் தொடங்கிய அந்தப் பெயர் 2004 இல் மூடப்பட்டது. வண்டி மாறாமல் வாசகம் மட்டும் மாறினால் இளைஞர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் வண்டியில் ஏறி அமர்ந்ததும் முதலில் தேடுவது திரையை. ஷோரூமில் நின்று சற்று நேரம் கவனித்தால் தெரியும்: ஐம்பதைக் கடந்தவர் கதவை மூடித் திறந்து அந்த ஓசையைக் கேட்பார், இருக்கைத் தோலைத் தடவிப் பார்ப்பார், இருபதுகளில் இருப்பவர் கைப்பேசியை எடுத்து, அது வண்டியோடு எவ்வளவு விரைவில் இணைகிறது என்று பார்ப்பார். இதை மெர்சிடிஸ் புரிந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் குறிப்பிடத்தக்கதாகப் படுகிறது. 1978 இல், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் எஸ்-கிளாஸில் அறிமுகமானதுபோல, புதுமைகளை முதலில் உச்சியிலுள்ள வண்டியில் வைத்து, பிறகு மெல்லக் கீழே இறக்குவதே அந்நிறுவனத்தின் நெடுநாள் வழக்கம். 2018 இல் வந்த எம்பியூஎக்ஸ் என்ற புதிய திரையமைப்பை மட்டும், தன் வரிசையிலேயே சிறியதான ஏ-கிளாஸில் முதலில் வைத்தது. திரைக்காக வண்டி வாங்குபவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. டெஸ்லாவின் பக்கம் இத்தனை இளைஞர்கள் சாய்ந்ததற்கும் இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வாங்கிய பிறகும் மென்பொருள் வழியே வண்டி புதிதாகிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம், கைப்பேசியோடு வளர்ந்தவர்களுக்கு இயல்பாகவே பிடித்துப்போயிற்று.

அடுத்தது பணம். உங்கள் தலைமுறை முழு விலையைக் கேட்டது. இவர்கள் மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். இதைப் பொறுப்பின்மை என்று கருத வேண்டாம், ஏனென்றால் குத்தகையிலோ, இறுதியில் ஒரு பெருந்தொகையை மீதம் வைக்கும் கடனிலோ வண்டி எடுப்பவருக்கு, மாதத் தொகையைத் தீர்மானிப்பது முழு விலை மட்டுமல்ல. வண்டியின் இன்றைய விலைக்கும், ஒப்பந்தம் முடியும் நாளில் அதற்கு இருக்கும் என்று மதிப்பிடப்படும் விலைக்கும் உள்ள இடைவெளியே பெரும்பகுதி. வட்டி அதன்மேல் ஏறுகிறது. ஆகவே மறுவிற்பனை மதிப்பு நன்றாக நிற்கும் வண்டி, விலைப்பட்டியலில் கூடுதலாக இருந்தும் மாதக் கணக்கில் மலிவாக அமையக்கூடும். பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்றே கடன் நிறுவனங்களையும் வைத்திருப்பதால், எந்த மாடலை விற்றுத் தீர்க்க வேண்டுமோ அதற்கு வட்டியைக் குறைத்து, மதிப்பீட்டை உயர்த்தி, மாதத் தொகையை வேண்டிய அளவுக்கு இறக்க முடிகிறது. மனத்துக்குப் பிடித்த இரண்டு பெயர்களில் ஒன்று கடைசி நேரத்தில் வென்றுவிடுவது பல சமயம் இந்தக் கணக்கால்தான்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் நான் அவசியம் சொல்ல விரும்பும் ஒன்றுக்கு வருகிறேன். ஒரு சொகுசுப் பெயரின் புகழ் அதன் உச்சியில் உண்டாக்கப்படுகிறது. இளம் வாங்குநர் அந்தப் பெயரை அதன் அடிப்படியில் வாங்குகிறார். மெர்சிடிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது எஸ்-கிளாஸின் அமைதி. பிஎம்டபிள்யூ என்றதும் வருவது, எஞ்சின் நீளவாட்டில் அமர்ந்து, பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டும் செய்யும் 3 சீரிஸின் சமநிலை. உங்கள் மகன் பார்த்துவைத்திருக்கும் 2 சீரிஸ் கிரான் கூபே அந்த வண்டியின் தம்பி அல்ல. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்கிறது. முன்சக்கரங்களே இழுக்கின்றன, அல்லது கூடுதல் விலையில் நான்கு சக்கரங்களும் இயங்குகின்றன. 2019 இல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிய 1 சீரிஸோடும், அதே குழுமத்தின் மினி வண்டிகளோடும் அது அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கிறது. நீங்கள் சொன்ன சிஎல்ஏவும் இதே நிலைதான்: 2019 இல் வந்த தலைமுறையின் விலை குறைந்த பெட்ரோல் வகைகளில் இருப்பது ரெனோவோடு சேர்ந்து உருவாக்கிய சிறிய எஞ்சின். ஆடி ஏ3 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபோடும், லெக்ஸஸ் யூஎக்ஸ் டொயோட்டாவின் சிறு வண்டிகளோடும் அடித்தளத்தில் ஒன்றுபடுகின்றன.

இவை மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே செய்யப்பட்டவை, அன்றாட ஓட்டத்துக்கு வசதியானவை, முன்சக்கர இயக்கத்தால் உள்ளே இடமும் கிடைக்கிறது. பலருக்கு இந்த வேறுபாடு புலப்படுவதும் இல்லை. பின்சக்கர இயக்கம் கொண்டிருந்த பழைய 1 சீரிஸை வைத்திருந்தவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் வண்டி முன்சக்கர இயக்கம் கொண்டது என்றே எண்ணியிருந்ததாக, பிஎம்டபிள்யூவின் அப்போதைய தலைவர் நோர்பர்ட் ரைட்ஹோஃபர் 2010 இல் சொன்னார். அப்படியானால் உங்கள் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவர் ஓட்டிப் பார்த்து மனம் பறிகொடுத்தது எந்த வண்டியில்? நண்பர் ஒருவரின் 3 சீரிஸில் கிடைத்த அனுபவத்தை நம்பி அவர் கிரான் கூபே வாங்குகிறார் என்றால், விரும்பியது ஒன்றாகவும் வீட்டுக்கு வருவது வேறொன்றாகவும் ஆகிவிடும். நீங்கள் உங்கள் பெரிய மெர்சிடிஸை நினைத்துக்கொண்டு சிஎல்ஏவைப் பரிந்துரைத்ததிலும் இதே பிழை இருக்கிறது என்பதைப் பணிவோடு சொல்கிறேன்.

குறுக்கே நிற்க வேண்டாம், கூடப் போங்கள். இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே சாலையில், அதுவும் மேடுபள்ளமான ஒரு சாலையில், அவர் ஓட்டட்டும். நீங்கள் பின்னிருக்கையில் அமருங்கள். இரண்டின் கூரையும் பின்னால் சரிவதால் உங்கள் தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை அவர் முன்னிருக்கையிலிருந்து அறிய முடியாது. வாரண்டி முடியும் ஆண்டையும் கடன் முடியும் ஆண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதச் சொல்லுங்கள். கடன் நீண்டு வாரண்டி முன்னரே முடிந்தால், விலை உயர்ந்த உதிரிபாகங்களுக்கும் தவணைக்கும் ஒரே நேரத்தில் அவர் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். நான் பார்த்தவரை, இளம் வயதில் சொகுசு கார் வாங்கி வருந்தியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள்.

அத்துடன் மூன்றாவதாக ஒரு வண்டியையும் அவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறுவனமே சோதித்து, வாரண்டியோடு விற்கும் இரண்டு மூன்று ஆண்டு ஓடிய 3 சீரிஸ் அது. சொகுசு வண்டிகள் தங்கள் மதிப்பில் பெரும்பங்கை முதல் சில ஆண்டுகளிலேயே இழந்துவிடுகின்றன. அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பிறகு, புதிய கிரான் கூபேக்கு அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கு நெருக்கத்தில், பிஎம்டபிள்யூவின் புகழுக்குக் காரணமான அந்த வண்டியே கிடைக்கக்கூடும். பழைய வண்டிக்கான வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும், வாரண்டிக் காலம் குறையும். அவற்றையும் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர் கூறும் காரணம் உண்மையிலேயே ஓட்டும் இன்பம்தான் என்றால், நான் இந்த வண்டியின் பக்கமே நிற்பேன்.

மூன்றையும் ஓட்டிய பிறகும் அவர் கிரான் கூபேதான் என்றால் மனநிறைவோடு சம்மதியுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தில் அழகாகத் தெரியும் பெரிய சக்கரங்களை விட்டு, ஓர் அளவு சிறிய சக்கரங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்போது டயரின் பக்கச்சுவர் உயரமாவதால் பள்ளங்களில் விளிம்பு நசுங்குவது குறையும், பயணமும் மென்மையாகும், டயர் மாற்றும் செலவும் இறங்கும். காற்று இறங்கினாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்களுடன் அந்த வண்டி வருகிறதா, ஸ்டெப்னி உண்டா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.